கெட்டுப்போகாத மீன்

அஞ்சலீனா மீன் வெட்டுகிறவர். மெல்போர்னின் டண்டினொங் சந்தையில் ஒரு கிரேக்கர் நடத்தும் மீன்கடையில் 1987ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கும் அதே மேசைதான், அதே தண்ணீர்க் குழாய்தான். செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுவார். வயிற்றைக் கத்தியின் முனையால் மட்டும் திறப்பார். முனை கொஞ்சம் ஆழமாகப் போனாலும் பித்தப்பை உடையும். உடைந்தால் அந்தப் பக்கத்துச் சதை முழுவதும் கசக்கும். மீன் நல்லதா என்று பார்க்க அவருக்கு மூக்குத் தேவையில்லை. மூக்குக்குத் தெரிய வரும்போது மீன் கெட்டு ஒரு நாள் ஆகியிருக்கும் என்பார். செவுளை விரித்து நிறம் பார்ப்பார், முதுகில் விரலை அழுத்தி அந்தக் குழி எவ்வளவு விரைவாக எழும்புகிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான். கடைக்காரரே சில பெட்டிகளை இறக்கும்போது அவருடைய முகத்தைத்தான் பார்ப்பார்.

மன்னாரில் பேசாலைக் கரையில் பிறந்தவர். கணவர் பொனிபஸும் அதே கரைதான். பொனிபஸின் தகப்பன் கரைவலை இழுத்தவர். கலவரத்துக்குப் பிறகு, 1986இல், ஐந்து வயது மகள் யசிந்தாவோடு மெல்போர்ன் வந்தார்கள். பொனிபஸ் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். முதல் ஒன்பது ஆண்டுகள் டண்டினொங்கில் வாடகை வீடு. அங்கே யாரும் யாரிடமும் என்ன வேலை என்று ஒளித்ததில்லை. எல்லோருடைய உடுப்பிலும் ஏதோ ஒன்று மணத்தது.

யசிந்தாவின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளென் வேவர்லிக்கு வீடு மாறிய பிறகுதான் பொய் தொடங்கியது. அங்கே புதிய கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது ஒருவர் கேட்டார், உங்கள் மனைவி எங்கே வேலை செய்கிறார் என்று. பொனிபஸ் ஒரு நொடியும் யோசிக்காமல் சொன்னார்: "ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கிறா." பிறகு அவருடைய பேச்சில் தகப்பனும் மன்னார் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க் ஆகிவிட்டார். அதன் பிறகு பேசாலை என்ற பேரே வீட்டுக்கு வெளியே போகவில்லை.

அஞ்சலீனா அதை மறுத்துப் பேசவில்லை. இதை அவரே சொல்கிறார், சொல்லும்போது முகத்தைச் சுளிக்கிறார். சந்தைக் கழிப்பறையில் கையைத் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்து, பாவாடை சட்டை மாற்றி, வேலை உடுப்பை இரண்டு பொலித்தீன் பைக்குள் முடிந்துகொண்டுதான் பஸ் ஏறுவார். பத்து வருடம் அப்படி. "பீங்கானைக் கழுவுற மாதிரி என்னைக் கழுவினனான்" என்பார்.

யசிந்தா மருந்தாளராகப் படித்தாள். பல்கலைக்கழகத்தில் பேர்னாட் என்ற பையனைச் சந்தித்தாள். அவர்களாகவே விரும்பிக்கொண்டார்கள். பேர்னாட்டின் தகப்பன் அருமைநாதன் யாழ்ப்பாணத்தில் வங்கி மனேஜராக இருந்தவர், தாய் திலகம். கிளென் வேவர்லியில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. இரண்டு தரப்பும் ஒரே கோயில். பெண் கேட்பதற்கு முன்னால் குடும்பத்தை அறிய வேண்டும் என்று திலகம் சொல்லியிருந்தார். 2005 செப்டம்பர் கடைசியில் கோயிலிலிருந்து பதினாறு பேர் ஜப்பானுக்கு யாத்திரை போக ஏற்பாடாகியது. "நீங்களும் வாருங்கோ. பத்து நாள் ஒண்டாத் திரிஞ்சா ஆளை ஆள் அறியலாம். வந்து மோதிரத்துக்கு நாள் வைப்பம்" என்றார் அருமைநாதன்.

யசிந்தா தாயிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அம்மா, பிளீஸ். டென் டேய்ஸ். அவ்வளவுதான்."

விமானத்தில் பொனிபஸ் மறுபடி சொன்னார்: "இஞ்ச பாரும், அங்க போய் மீன் பேச்சு எடுக்காதையும். ஆரும் கேட்டா, எனக்குத் தெரியாது எண்டு சொல்லும்."

"அங்க கடலும் மீனும் தானே இருக்கு. வேற என்னத்தைப் பேசுறது?"

"கோயிலைப் பேசும்."

யாத்திரையை ஏற்பாடு செய்தவர் ஏசுதாசன். மலேசியாவில் ஈப்போக்காரர், மாணவராக மெல்போர்ன் வந்து இங்கேயே தங்கிக் கணக்காளராக ஓய்வு பெற்றவர். நாகசாகியிலிருந்து கப்பலில் கோட்டோ தீவுகளுக்குப் போவது அவருடைய திட்டம். அந்தத் தீவுகளின் கடலோரக் குக்கிராமங்களில் இருநூற்றைம்பது ஆண்டுகள் அரசின் தடைக்கு ஒளிந்திருந்து கிறிஸ்தவ வேதத்தைக் காப்பாற்றியவர்களின் வழிவந்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் மீன்பிடிக்கிறவர்கள். ஒவ்வொரு குடாவிலும் ஒரு சின்னக் கோயில்.

கப்பலிலேயே அருவருப்புத் தொடங்கியது. பதினாறு பேருக்கும் பொதுவாக ஒரு பெரிய சூட்கேஸ் வந்திருந்தது: அரிசி, பருப்பு, வெங்காயம் வதக்கிய சீனிச் சம்பல், நூடில்ஸ், தகரத்தில் அடைத்த மீன்ரின் இருபத்தெட்டு. மீன்பிடிக்கிற ஊருக்கு ரின்மீன் கொண்டு போகிறோம் என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. "அவங்கள் பச்சையாத் தின்னிற ஆக்கள். நாங்கள் பட்டினி கிடக்கேலாது" என்றார் திலகம். சீனிச் சம்பல் போத்தல் ஒன்று வழியிலேயே உடைந்திருந்தது. எண்ணெய் சூட்கேஸின் மூலையால் ஒழுகிக் கப்பல் கம்பளத்தில் சிவப்பாகப் பரவியது. அருமைநாதன் அதன்மேல் ஒரு பத்திரிகையைப் போட்டுவிட்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

தீவின் சாலை கடலை ஒட்டியே போகிறது. மலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. இடையில் மணல் இல்லை, கறுத்த பாறைதான், அதில் அலை ஏறி வெள்ளையாக உடைகிறது. பேசாலையின் தட்டையான கரையைப் பார்த்து வளர்ந்த அஞ்சலீனாவுக்கு, இந்தப் பாறைக்குள் படகை எப்படிக் கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்பதிலேயே கண் போனது. சாலை வளையும், கீழே ஒரு குடா தெரியும், கொங்கிரீட் அணை, அதற்குள்ளே பத்துப் பதினைந்து வெள்ளைப் படகுகள், நெருக்கி நெருக்கி முப்பது வீடு, வலை காயப் போட்ட முற்றம், மேட்டில் கோயில். மறுபடி வளையும்; மலை மறைக்கும்; அடுத்த குடா. பஸ் ஓட்டுநர் மெதுவாகத்தான் ஓட்டினார். ஆனாலும் பின் வரிசையில் மூன்று பேர் வாந்தியெடுத்தார்கள். வாந்தியைப் பிடித்த பைகளைக் கட்டி, பஸ் நின்ற ஓர் இடத்தில் சாலையோர வலைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினார்கள். அஞ்சலீனா இறங்கிப் போய் அவற்றை எடுத்து வந்தார்.

"விடும், அங்க ஆரும் இல்லைத்தானே" என்றார் பொனிபஸ்.

"அது வலை."

திலகம் துறைமுகம் ஒவ்வொன்றிலும் கைக்குட்டையில் ஓடிக்கொலோன் வாசனைத் திரவியம் ஊற்றி மூக்கில் வைத்துக்கொண்டார். கோயில்களில் மட்டும் அதை மூக்கிலிருந்து எடுத்தார். வழிகாட்டிப் பெண், நாகசாகியிலிருந்து வந்தவள், ஆங்கிலம் பேசுகிறவள், ஒளிந்திருந்த காலத்துக் கதைகளைச் சொன்னபோது அருமைநாதன் சத்தமாக அழுதார். அழுதுகொண்டே படமும் எடுத்தார்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு சின்னக் குடாவில் தங்கினார்கள். மீன்பிடிக் குடும்பம் ஒன்றே நடத்தும் விடுதி அது, ஆறு அறை. வீட்டுக்காரி ஹருமிக்கு ஐம்பது வயது இருக்கும். அவரும் அந்தக் குடாவின் கோயில்காரிதான். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போக வேண்டும். கழிப்பறைக்கு மட்டும் தனியாக ஒரு சோடிப் பிளாஸ்டிக் செருப்பு, அது அங்கேயே இருக்க வேண்டும் என்று வழிகாட்டி இரண்டு முறை சொன்னாள். சாப்பாட்டு நேரம் அருமைநாதன் அந்தக் கழிப்பறைச் செருப்போடு நேரே வந்து பாய் விரித்த அறைக்குள் நடந்தார்.  அவர் உட்கார்ந்த பிறகு ஹருமி செருப்பை எடுத்துப் போய்க் கழிப்பறையில் வைத்தார். பிறகு ஈரத்துணியோடு வந்து, அவர் நடந்த வழியை முழங்காலில் இருந்தபடியே துடைத்துக்கொண்டு போனார். திலகம் தன் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு வழிவிட்டார், அவ்வளவுதான்.

பிறகு மீன் வந்தது.

நீளமான மரத்தட்டு. சிவந்த மீன் ஒன்று, டண்டினொங்கில் ஸ்னப்பர் என்கிறோமே அந்த இனம், தலையும் வாலும் அப்படியே நிமிர்த்தி வைத்து, சதையை மெல்லிய துண்டுகளாக அரிந்து அதன்மேலேயே அடுக்கியிருந்தது. நான்கு பேருக்கு ஒரு தட்டு. அஞ்சலீனா முதலில் பார்த்தது அரிந்த விதத்தை. துண்டின் ஓரம் வெட்டிய கத்தியின் கூர்மையைக் காட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. சதையில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பிறகு தலையைப் பார்த்தார். கண்ணுக்குச் சற்று மேலே, பின்பக்கமாக, ஆணி இறக்கிய மாதிரி ஒரு சின்னத் துளை. பெரிய உணவகங்களுக்குப் போகிற பெட்டிகளில் அந்தத் துளையுள்ள மீனை அவர் கண்டிருக்கிறார். வலையில் செத்த மீன் அல்ல அது. உயிரோடு தூக்கி, துடிக்க விடாமல் மூளையில் குத்தி, உடனே இரத்தத்தை வடித்த மீன். பிடித்துப் பன்னிரண்டு மணித்தியாலம் இருக்காது. பதினெட்டு வருடத்தில் இப்படி ஒரு மீனைத் தின்ன அவருக்குக் கிடைத்ததில்லை.

"ஐயோ, அதின்ட கண்ணைப் பாருங்கோ, என்னையே பாக்குது" என்றார் திலகம்.

ஏசுதாசன் மட்டும் ஒரு துண்டை எடுத்துச் சோயாவில் தோய்த்து வாயில் போட்டார். "நல்லா இருக்குலா! சாப்பிட்டுப் பாருங்க." மற்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது துண்டை எடுக்கவில்லை.

அஞ்சலீனாவின் கை குச்சிக்குப் போனது. மேசைக்குக் கீழே பொனிபஸ் அவருடைய தொடையில் விரலால் அழுத்தினார். கை திரும்பி வந்தது.

"இதை இப்பிடியே அனுப்பினா அவைக்கு மனம் நோகும்" என்றார் அருமைநாதன். அவருக்கு உண்மையிலேயே மற்றவர்களின் மனத்தைப் பற்றிக் கவலை உண்டு. திலகம் கைப்பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். கிளென் வேவர்லி சுப்பர்மார்க்கெட் பை. அதை விரித்துப் பிடித்தார். தட்டுத் தட்டாகக் கொட்டினார்கள். தலையையும் முள்ளையும் மட்டும் தின்று முடித்த மாதிரித் தட்டில் விட்டார்கள். தங்கள் முறை வந்ததும் அஞ்சலீனா தன் கையாலேயே வழித்துப் போட்டார்.

ஹருமி தலையும் முள்ளும் மட்டும் மிஞ்சிய தட்டுகளைக் கண்டு முகம் மலர்ந்தார். குனிந்து வணங்கிவிட்டுப் போனார். அவர் போனதும் சுடுதண்ணீர் கேட்டு வாங்கி நூடில்ஸ் ஊற்றினார்கள், ரின் உடைத்தார்கள். ரின்மீனின் எண்ணெய் மணம் அறையெல்லாம் பரவியது. பையைக் கழிப்பறைக் குப்பை வாளிக்குள், பாவித்த கடதாசிகளுக்குக் கீழே திணித்தார் திலகம்.

சாப்பாடு முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அவர் சொன்னார்: "பாவம், நல்ல மனுசர்தான். ஆனா மீன்பிடிக்கிற சனம் எங்க போனாலும் ஒரே மாதிரித்தான், என்ன? கோயில் நிலத்திலையும் செதில். எங்கட ஊர்க் கோயிலில கரைப் பக்கத்து ஆக்கள் இருக்கிறதுக்குப் பின்னால புறம்பா வாங்கில் இருந்தது. அந்தக் காலத்தில அது சரியில்லை எண்டு பேசுவினம். மணத்தை நினைச்சா..."

பொனிபஸ் சிரித்தார். கடமைக்குச் சிரிக்கிற சிரிப்பில்லை. தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி அஞ்சலீனா அதிகம் சொல்லமாட்டார். "அந்த மனுசன்ட அப்பன் வலை இழுத்துத் தோள் காய்ச்சுப் போய்ச் செத்தது" என்பார். 

காலையில் கழிப்பறைக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். மூடிய பைக்குள் இரவு முழுக்கச் சூட்டில் கிடந்த மீன். எவ்வளவு நல்ல மீனானாலும் அப்படிக் கிடந்தால் மாறும். நாற்றம் நடைவழி வரை வந்திருந்தது. சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடியபோது ஹருமி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கதவோரத்தில் முழங்காலிட்டு, நெற்றி பாயில் முட்ட வணங்கினார். அவருக்குப் பின்னால் கணவர், கடலிலிருந்து வந்த சப்பாத்தோடு, படிக்குக் கீழே நின்றார். துறையில் கோலா மீன் வந்திறங்கிக் கொண்டிருந்தது, பெண்கள் கூடிவிட்டார்கள், ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிட்டார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

வழிகாட்டிப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "மன்னிப்புக் கேட்கிறார். நேற்று வைத்த மீன் கெட்டிருந்ததாம். நீங்கள் பெருந்தன்மையால் சொல்லாமல் ஒளித்து வைத்தீர்கள் என்கிறார். மீனைப் பிடித்தவர் அவருடைய கணவர், அரிந்தவர் அவர். என்ன பிழை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். மணமா, சதையா, எது? இந்த விடுதியில் இப்படி நடந்ததில்லையாம்."

 ஏசுதாசன் வாயைத் திறந்தார், அதற்குள் அருமைநாதன் முந்தினார். தமிழில்தான் முதலில் சொன்னார்: "நல்லதாப் போச்சு. அப்பிடியே விடுவம். கொஞ்சம் பழசு மாதிரி இருந்தது எண்டு சொன்னா முடிஞ்சுது. தின்னேலாமல் எறிஞ்சனாங்கள் எண்டு சொல்லுறதைவிட மரியாதை." பிறகு வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக: "லேசான மணம் இருந்தது. பெரிய விசயமில்லை. நாங்கள் மன்னிச்சிட்டம்."

வழிகாட்டி மொழிபெயர்த்தாள். ஹருமி தலையை நிமிர்த்தவில்லை. கணவரின் முகம் சிவந்தது. அவர் ஏதோ கேட்டார்.

"எப்படி மணம் என்று கேட்கிறார்" என்றாள் வழிகாட்டி. "நேற்றுக் காலை எட்டு மணிக்குத் தூக்கிய மீன் என்கிறார். அவருக்கு விளங்கவில்லை."

அருமைநாதன் மனைவியைப் பார்த்தார். திலகம் அஞ்சலீனாவின் பக்கம் திரும்பினார். "எங்கட அஞ்சலீனா ஃபுட் இன்ஸ்பெக்‌ஷன்தானே. அவ சொல்லட்டும், அப்ப நம்புவினம். தங்கச்சி, சொல்லுமன், மீன் சரியில்லை எண்டு."

மற்றப் பதினைந்து பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பொனிபஸும் பார்த்தார். அந்தப் பார்வையில் யசிந்தாவும் மோதிரமும் எல்லாம் இருந்தன. தலையை ஒருமுறை ஆட்டினால் போதும், அந்தக் குடும்பத்துக்குள் மகள் போய்விடுவாள்.

அஞ்சலீனா எழுந்து ஹருமிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஹருமியின் கையைப் பார்த்தார். வலக்கைச் சுட்டுவிரலின் பக்கத்தில், கத்திப் பிடி தேய்க்கிற இடத்தில், தடித்த தோல். தன் கையிலும் அதே இடத்தில் இருப்பது.

"மீன் நல்ல மீன்" என்றார் தமிழில். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில் வழிகாட்டியிடம்: "ஃபிஷ் வெரி குட். நோ ஸ்மெல்." கண்ணுக்கு மேலே விரலை வைத்துக் காட்டினார். "ஹியர், ஹோல். அலைவ், தென் கில். நோ பிளட். ஐ நோ. ஐ கட் ஃபிஷ். எயிட்டீன் இயர்ஸ், மார்க்கெட்."

"அஞ்சலீனா!" என்றார் பொனிபஸ்.

அவர் திரும்பவில்லை. "சொல்லும் பிள்ளை, இதையும் சொல்லும். எங்களுக்குப் பச்சையாத் தின்னத் தெரியாது. அதைச் சொல்ல வெக்கப்பட்டு ஒளிச்சனாங்கள். நானும்தான் போட்டனான். மீனில பிழையில்லை, எங்களிலதான்." வழிகாட்டிக்குத் தமிழ் விளங்காததால் ஏசுதாசன் எழுந்து, சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னார். நன்றாகச் சொன்னார்.

வழிகாட்டி நெடுநேரம் எடுத்து அதை ஹருமிக்குச் சொன்னாள். ஹருமி நிமிர்ந்தார். அஞ்சலீனாவைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். முகத்தில் நன்றியோ சிரிப்போ ஒன்றும் இல்லை. கணவர் இரண்டே சொல் சொல்லிவிட்டுத் துறைக்குப் போனார். என்ன சொன்னார் என்று ஏசுதாசன் கேட்டபோது, வழிகாட்டி, "வேலை இருக்கிறதாம்" என்றாள். அந்தக் குரலுக்கு அது அர்த்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அன்றைய காலைச் சாப்பாட்டில் சோறும் ஊறுகாயும் அவித்த முட்டையும் வந்தன. மீன் வரவில்லை.  அஞ்சலீனா கழிப்பறை வாளியிலிருந்த பையை எடுத்து, கட்டி, துறைக்குக் கொண்டுபோய்க் கழிவு மீன் போடும் பெட்டிக்குள் கொட்டினார். கோலா வயிறு கிழித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். வந்து உட்கார் என்று யாரும் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிட வேண்டும்?

மிச்ச நாட்களில் பஸ்ஸில் திலகம் இரண்டு வரிசை முன்னால் மாறி உட்கார்ந்தார். பொனிபஸ் ஒரே வாக்கியத்தைப் பல விதமாகச் சொன்னார்: "உம்மட வாயால பிள்ளையின்ட வாழ்க்கையை அழிச்சிட்டீர்."

"நீர் சிரிச்சீர்" என்றார் அஞ்சலீனா.

"எது? எப்ப?"

அவருக்கு நினைவே இல்லை. அதுதான் அஞ்சலீனாவுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

யசிந்தாவுக்குச் செய்தி விமானம் இறங்குவதற்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, குட்ன்ட் யூ ஜஸ்ட் ஸே யெஸ்? ஒரு மீன். ஒன் ஃபிஷ். அந்த மனுசியை நீங்கள் வாழ்க்கையில திரும்பக் காணப் போறேல்லை."

"ஓம், காணப் போறேல்லை."

"பிறகென்ன?"

 கத்தி பிடிக்காதவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று அஞ்சலீனாவுக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அருமைநாதனும் திலகமும் வீட்டுக்கு வந்தார்கள். கேக் கொண்டு வந்தார்கள். முன் கதிரையில் உட்கார்ந்து வெயில், விலைவாசி எல்லாம் பேசிவிட்டு, அருமைநாதன் பெருந்தன்மையோடு தொடங்கினார்: "நாங்கள் பழங்காலத்து ஆக்கள் இல்லை. பிள்ளையள் விரும்பீட்டினம். ஊர், கரை எல்லாம் இந்த நாட்டில ஆரும் பாக்கிறேல்லை."

"அந்த வேலையை மட்டும் கலியாணத்துக்கு முந்தி விட்டாப் போதும்" என்றார் திலகம். "வயசும் போகுதுதானே. நாங்களும் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டம்."

"ஓம், ஓம், விடுவா" என்றார் பொனிபஸ். அவருடைய குரலில் அவ்வளவு நன்றி.

அஞ்சலீனா மகளைப் பார்த்தார். "உனக்கு என்ன வேணும்?"

யசிந்தா நிலத்தைப் பார்த்தபடி, "எனக்குப் பேர்னாட் வேணும்" என்றாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஜொப்."

"அப்ப கட்டு. நான் மறிக்கேல்லை. அவன் நல்ல பெடியன்." திலகத்தின் பக்கம் திரும்பினார். "வேலையை விடமாட்டன். கலியாணத்தண்டு கோயிலில முன் வாங்கில இருப்பன். ஆரும் கேட்டா என்ன வேலை எண்டு சொல்லுவன். இவர் சொல்லுற பொய்யை இனி நான் சொல்லமாட்டன். இது உங்களுக்குச் சரியெண்டா நாளை வையுங்கோ. இல்லையெண்டா கேக்கைத் திருப்பிக் கொண்டு போங்கோ."

அவர்கள் போனார்கள். கேக்கை விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. யசிந்தா தாயோடு பேசவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் சீட்டு எழுதி ஒட்டினாள். கடைசியில் பேர்னாட், தாய் தகப்பன் வந்தாலும் வராவிட்டாலும் ஓகஸ்டில் கலியாணம் என்று சொல்லிவிட்டான். அவர்கள் வந்தார்கள். வராவிட்டால் ஊர் ஏன் என்று கேட்கும்.

விருந்து மண்டபத்தில் பெற்றோர் மேசையில் அஞ்சலீனாவுக்குப் பக்கத்தில் பேர்னாட்டின் மாமி அன்னம்மா உட்கார்ந்தார். சிட்னி ஹோம்புஷ்ஷிலிருந்து வந்தவர். வாய் ஓயாதவர். சூப் வந்ததும் கேட்டார்: "நீங்கள் என்ன வேலை செய்யிறியள்?"

திலகத்தின் கரண்டி நின்றது. பொனிபஸ் தண்ணீர்க் கிளாஸை எடுத்தார்.

"டண்டினொங் சந்தையில மீன் வெட்டுறன்."

"அப்பிடியே!" அன்னம்மா கதிரையோடு திரும்பினார். "உண்மையாவோ? எங்கட பக்கம் ஒரு நல்ல மீனைக் காணேலாது. இஞ்ச பாரை வருமோ? விளைமீன்? நாளைக்கு நான் போறதுக்கு முன்னம் ரெண்டு கிலோ ஐஸ்ஸில போட்டுத் தருவியளோ? ஏய் திலகம், இவ்வளவு நாளும் இதைச் சொல்லேல்லையே நீ! சம்பந்திக்கு மீன்கடை, நீ இன்னும் ஃப்ரோசனோ தின்னிறாய்?"

மேசையில் மூன்று பேர் குனிந்து விசாரித்தார்கள். ஒருவர் நண்டு எந்த நாள் வரும் என்று கேட்டார். இன்னொருவர் சுறாப் புட்டுக்குச் சின்னச் சுறா எடுத்து வைக்க முடியுமா என்று தொலைபேசி எண்ணைக் கேட்டார்.  இத்தனை வருடம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது இந்தச் சனத்துக்காகவா? ஒருவருக்கும் அஞ்சலீனா தன் எண்ணைக் கொடுக்கவில்லை. "கடைக்கு வாருங்கோ" என்றார்.

வந்தார்கள். அந்த வருடம் டிசம்பரில், நத்தார்ப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், சந்தை நிரம்பி வழிந்த காலை, திலகமும் வந்தார். கைக்குட்டை இல்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வந்து, "தங்கச்சி, எனக்கு அந்தப் பெரிய ஸ்னப்பரில ரெண்டு, தலையோட. றால் மூண்டு கிலோ. பிள்ளையளும் வருகினம். கெதியாப் போடும், கார் பார்க்கிங் முடியப் போகுது" என்றார், நேற்றும் முந்தாநாளும் பேசிய மாதிரி.

அஞ்சலீனா கத்தியைத் துடைத்தார். சுவரில் தொங்கிய, வரிசைச் சீட்டுக் கொடுக்கும் சிவப்பு இயந்திரத்தைக் காட்டினார்.

"நம்பர் எடுங்கோ, அக்கா."

"எனக்குமோ?"

"எல்லாருக்கும்."

திலகம் போய்ச் சீட்டைக் கிழித்தார். அறுபத்து நான்கு. பலகையில் ஐம்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது. ஐம்பத்தொன்று ஒரு வியட்நாமியக் கிழவர். ஒரு சின்ன வாளைமீன் கேட்டார், தோலை எடுக்காமல், துண்டு துண்டாக. அஞ்சலீனா அதை எடுத்துப் பலகையில் வைத்து, செவுளை விரித்துப் பார்த்தார்.